பார்த்ததும் படம் பிடித்ததும்

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், காக்ஸ் டவுனை அடுத்து அமைந்தது ஜீவனஹள்ளி. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி அது. அங்குள்ள குடும்பம் ஒன்று கோடை விடுமுறையில் தஞ்சாவூருக்குப் பயணம் புறப்பட்டது. தந்தை, தாய், எட்டாம் வகுப்பு முடித்த மகன், எழுபத்து நான்கு வயதுப் பாட்டி என நால்வர். பாட்டியின் பிறந்த ஊர் தஞ்சைக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். மணமாகிப் பெங்களூருக்கு வந்த பிறகு அவர் அந்தப் பக்கம் போனது மிகச் சில முறைகளே.

இந்தப் பயணத்திற்கு ஒரு காரணம் இருந்தது. பாட்டிக்குக் கண் நீர் அழுத்த நோய். இந்நோயில் பெரும்பாலும் பக்கவாட்டுப் பார்வைதான் முதலில் குறையத் தொடங்கும். நாளடைவில், குழாய் ஒன்றின் வழியே உலகைப் பார்ப்பது போல, நேர் எதிரே உள்ள சிறு வட்டம் மட்டுமே தெரியும். போன பார்வை திரும்புவதில்லை. எஞ்சியிருப்பதைச் சொட்டு மருந்தாலும் சிகிச்சையாலும் காத்துக்கொள்ளலாம். மருத்துவர் இதை எடுத்துச் சொன்ன அன்று மாலை பாட்டி மகனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “கண் இருக்கும்போதே பெரிய கோயிலை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், ஐயா. அழைத்துக்கொண்டு போவாயா?”

அறுபத்து நான்கு படங்கள்

இரவு ரயிலில் சென்று, காலை வெயில் ஏறுவதற்கு முன்பே கோயிலை அடைந்தார்கள். இரண்டு வாயில்களையும் கடந்து உள்ளே வந்ததும், பெரிய நந்திக்கு அப்பால் விமானம் எழுந்து நின்றது. சுமார் 216 அடி உயரம். முதலாம் இராசராச சோழன் தன் ஆட்சியின் 25-ஆம் ஆண்டில், அதாவது 1010-ஆம் ஆண்டில், அதன் உச்சியில் வைப்பதற்குரிய செப்புக் குடத்தை அளித்த செய்தி கோயிலிலேயே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

சிறுவன் தந்தையின் புதிய கைப்பேசியை வாங்கிக்கொண்டான். நந்தியோடு சேர்த்து ஒரு படம், நந்தி இல்லாமல் ஒரு படம், படுக்கைவசத்தில் ஒன்று, நெட்டுக்குத்தாக ஒன்று, விமானத்தின் உச்சியைத் தன் விரல் நுனியால் தொடுவது போல ஒன்று என்று எடுத்துத் தள்ளினான். தாயும் தந்தையும் அவன் சொன்ன இடத்தில் நின்றார்கள். அவன் சொன்னபோது சிரித்தார்கள். பாட்டி பைகளைப் பார்த்துக்கொண்டு திருச்சுற்று மாளிகையின் நிழலில் அமர்ந்திருந்தார். அரை மணி நேரத்தில் அறுபத்து நான்கு படங்கள் சேர்ந்துவிட்டன.

சிறுவன் மனநிறைவோடு பாட்டியிடம் வந்து, “பாட்டி, கோபுரத்தை முழுவதும் எடுத்துவிட்டேன்” என்றான்.

பாட்டி மகிழ்ந்தார். “நல்லது, கண்ணு. என் அப்பா என்னைச் சிறுமியாக இங்கே அழைத்து வந்தபோது ஒரு கேள்வி கேட்டார். அதை இப்போது உன்னிடம் கேட்கிறேன். சுவரில் இரண்டு வரிசையாகச் சிலைகள் இருக்கின்றன அல்லவா? மேல் வரிசையில் நிற்பவர் கையில் என்ன இருக்கிறது?”

சிறுவனால் சொல்ல முடியவில்லை. கைப்பேசியைத் திறந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தான். பெரிதாக்கப் பெரிதாக்கக் கல்லின் நிறம்தான் கலங்கித் தெரிந்தது. அறுபத்து நான்கு படங்களில் எதிலும் விடை இல்லை.

பாட்டி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. மெல்லிய குரலில், “எனக்கு அவ்வளவு உயரத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. நீ பார்த்துச் சொல்வாய் என்று உட்கார்ந்திருக்கிறேன்” என்றார்.

பாட்டியைக் கோயிலுக்கு அழைத்து வந்தது அவர் பார்ப்பதற்காக. வந்த பிறகு அவருக்குக் கிடைத்தது பைகளைக் காக்கும் வேலை. எவரும் இதை வேண்டுமென்று செய்யவில்லை. எல்லோரும் நல்லவர்கள், எல்லோருக்கும் அவர்மீது அன்பு உண்டு. ஆயினும் அப்படி நடந்துவிட்டது. இன்றைய குடும்பங்கள் பலவற்றின் விடுமுறைப் பயணங்களில் நடப்பதும் இதுவே.

கருவி குற்றவாளியா?

படம் எடுப்பதே தவறு என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. இது பற்றி முறையான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியல் அறிஞர் லிண்டா ஹென்கெல் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் ஒன்று. அருங்காட்சியகம் ஒன்றைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களிடம், சில பொருள்களைக் கண்ணால் மட்டும் பார்க்கும்படியும் வேறு சிலவற்றைப் படம் எடுக்கும்படியும் கூறினார்கள். மறுநாள் சோதித்தபோது, படம் எடுத்த பொருள்களைவிடப் பார்க்க மட்டும் செய்த பொருள்களே அவர்கள் நினைவில் நன்கு நின்றன. ‘கருவி பார்த்துக்கொள்ளும்’ என்று மனம் தன் பொறுப்பை இறக்கி வைத்துவிடுகிறது போலும்.

ஆனால் அதே ஆய்வில் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. ஒரு பொருளின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுக்கச் சொன்னபோது இந்த மறதி ஏற்படவில்லை. அந்தப் பகுதி மட்டுமன்றி, படத்தில் இடம் பெறாத மற்றப் பகுதிகளும் நினைவில் நின்றன. எதை எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் செயலே மனத்தை விழிப்படையச் செய்துவிட்டது.

2017-ஆம் ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். தம் விருப்பப்படி படம் எடுத்தவர்கள், கண்ணால் கண்டவற்றை எடுக்காதவர்களைவிட நன்றாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் காதால் கேட்டவற்றில் அவர்கள் பின்தங்கினார்கள். கருவியைப் பிடித்திருக்கும்போது காட்சி கூர்மை பெறுகிறது, செவி மந்தமாகிறது.

இந்த மூன்று முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தெளிவு பிறக்கும். கை வேலை செய்யும்போது மனம் ஓய்ந்துவிட்டால் படம் மறதியின் கருவி. கையோடு மனமும் வேலை செய்தால் அதுவே நினைவின் கருவி. அப்போதும் அருகில் இருப்பவரின் குரல் கேட்காமல் போகலாம். அந்தக் குரல் ஒருவேளை பாட்டியின் குரலாக இருக்கலாம்.

பெங்களூரிலிருந்து தஞ்சைக்குச் சென்ற மற்றொருவர்

ஏறக்குறைய இதே பயணத்தை 1857-58-ஆம் ஆண்டுகளில் ஒருவர் மேற்கொண்டார். அவர் பெயர் லின்னேயஸ் ட்ரைப். 1822-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாகப் பணியாற்றியவர். விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது அவருக்குப் புகைப்படக் கலையில் ஈடுபாடு உண்டாயிற்று. பெங்களூருக்குத் திரும்பிய அவர் 1854-ஆம் ஆண்டின் இறுதியில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் எடுத்தார். பின்னர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். பெங்களூரைத் தம் பணிக்கு நிலைக்களமாகக் கொண்டு, அங்கிருந்து தெற்கே பயணம் செய்து மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைப் படம் பிடித்தார்.

அந்நாளில் படம் எடுப்பது இன்று போல் ஒரு நொடியில் முடியும் செயல் அன்று. பெரிய மரப்பெட்டிக் கேமராவையும், மெழுகூட்டிய காகிதங்களையும், இரசாயனப் பொருள்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிச் செல்ல வேண்டும். ஒரு படத்திற்குப் பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் எது அசையாமல் நிற்கிறதோ அதுவே காகிதத்தில் பதியும். குறுக்கே நடந்து செல்பவர் படத்தில் இடம் பெறாமலே மறைந்துவிடுவார். நின்று பொறுப்பவருக்குக் கிடைப்பது ஓடுபவருக்குக் கிடைப்பதில்லை என்பதை அந்தக் காகிதம் கண்கூடாகக் காட்டியது.

தஞ்சையில் ட்ரைப் 1858-ஆம் ஆண்டில் செய்த ஒரு செயல் குறிப்பிடத்தக்கது. விமானத்தின் முழுத் தோற்றத்தை எடுத்ததோடு அவர் நிற்கவில்லை. அதன் அடித்தளத்தில் வெட்டப்பட்டுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார்.

அந்தக் காலத்தில் பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்பதே தெளிவாகத் தெரியாமல் இருந்தது. வெவ்வேறு மன்னர்களின் பெயரோடு வெவ்வேறு கதைகள் வழங்கி வந்தன. 1886-ஆம் ஆண்டில் சென்னை அரசின் கல்வெட்டு ஆய்வாளராகப் பொறுப்பேற்ற ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஸ், இக்கோயிலின் கல்வெட்டுகளை முறையாகப் படித்து வெளியிட்ட பிறகே, இதைக் கட்டியவன் இராசராசன் என்பது ஐயமின்றி நிலைபெற்றது. ஊர் மக்களும் வழிப்போக்கர்களும் பல நூறு ஆண்டுகள் அண்ணாந்து உச்சியையே பார்த்து வியந்தார்கள். விடையோ அவர்கள் இடுப்பளவு உயரத்தில் சுவரிலேயே எழுதப்பட்டிருந்தது.

அந்தக் கல்வெட்டுகளில் மன்னனின் பெயர் மட்டுமா இருக்கிறது? அவனுடைய தமக்கை அளித்த கொடைகள், தேவியர் அளித்தவை, அதிகாரிகள் அளித்தவை எல்லாம் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. கோயிலில் பணிபுரிந்த ஆடல் மகளிர் 400 பேருடைய பெயர்களும், அவர்கள் குடியிருந்த வீடுகளின் வரிசையும் உள்ளன. தலைமைச் சிற்பி குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனின் பெயரும் உள்ளது. வானளாவிய ஒரு பணியைச் செய்து முடித்தவன், அதில் கை கொடுத்தவர்களின் பெயர்களை அதன் அடியிலேயே எழுதி வைத்தான். குடும்பப் படத்தில் பாட்டியை விட்டுவிடுகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

தாங்குவது போல் ஒரு கை

இத்தாலியின் பீசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தைக் காணச் செல்பவர்கள் தவறாமல் எடுக்கும் படம் ஒன்று உண்டு. தொலைவில் நின்று கையை நீட்டி, சாயும் கோபுரத்தைத் தாங்கிப் பிடிப்பது போல் நிற்பார்கள். புல்வெளி முழுவதும் காற்றைத் தாங்கிக்கொண்டு நிற்கும் கைகளைக் காணலாம். அது தீங்கற்ற விளையாட்டுத்தான்.

ஆனால் அந்தக் கோபுரத்தை உண்மையிலேயே தாங்கியவர்கள் வேறு. சாய்வு அபாய நிலையை எட்டியதால் 1990-ஆம் ஆண்டில் கோபுரம் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டது. பொறியாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து, கோபுரம் சாய்ந்திருக்கும் பக்கத்திற்கு எதிர்ப்பக்கத்தில், அதன் அடியிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக அகற்றினார்கள். கோபுரம் மெல்ல மெல்ல நிமிர்ந்து, அதன் உச்சி நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல் பின்வாங்கியது. 2001-ஆம் ஆண்டு டிசம்பரில் மீண்டும் திறந்தார்கள். தாங்குவது போல் நின்றவர்களின் படங்கள் கோடிக்கணக்கில் இருக்கும். தாங்கியவர்கள் செய்த வேலையோ மண்ணுக்கு அடியில் நடந்ததால் படத்தில் தெரியாது.

வீட்டிலும் இப்படித்தான். முதியவரை அணைத்துக்கொண்டு எடுக்கும் படம் ஒரு நொடி. அவருக்கு வேளை தவறாமல் சொட்டு மருந்து இடுவது படத்தில் தெரியாத பணி. முதலாவது வேண்டாம் என்பதில்லை; இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் இருந்தால் அது காற்றைத் தாங்கும் கை.

மீண்டும் ஒரு சுற்று

தஞ்சைக்குத் திரும்புவோம். சிறுவன் சிறிது நேரம் தலை குனிந்து நின்றான். பிறகு கைப்பேசியைத் தந்தையிடம் கொடுத்துவிட்டுப் பாட்டியின் கையைப் பிடித்தான். “வாருங்கள் பாட்டி, நான் பார்த்துச் சொல்கிறேன்” என்றான்.

தென்புறச் சுவரை நோக்கி நின்று மேல் வரிசையைக் கூர்ந்து பார்த்தான். “வில், பாட்டி. வில் வைத்திருக்கிறார்.”

“அடுத்தவர்?”

“அவரும் வில்தான்.” சிறுவன் இரண்டு அடி நகர்ந்தான். “அவருக்கு அடுத்தவரும் வில்தான்!”

பாட்டி சிரித்தார். முப்புரங்களை எரித்த திரிபுராந்தகரின் வடிவம் அந்த மேல் வரிசையில் திரும்பத் திரும்ப வருவதைத்தான் அவருடைய தந்தை அன்று கேட்டிருந்தார். அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை மகளிடம் கேட்ட கேள்விக்கு, இப்போது அவளுடைய பேரன் விடை சொல்லிக்கொண்டிருந்தான்.

“உச்சியில் கலசத்துக்குக் கீழே நந்திகள் இருக்கும். எத்தனை என்று சொல்.”

ஒரே இடத்தில் நின்று எண்ணினால் கணக்கு முடியவில்லை. மூலைக்கு இரண்டாக நான்கு மூலைகளிலும் நந்திகள் அமர்ந்திருப்பதால், சுற்றி வந்தால்தான் எட்டும் தெரியும். இருவரும் சுற்றி வந்தார்கள். கோயில் வளாகம் சுமார் 240 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் உடையது. விமானத்தின் அருகில் நின்று கைப்பேசியை மேல்நோக்கிச் சாய்த்தால், மேல் தளங்கள் சுருங்கிக் கட்டடமே பின்னால் சாய்வது போல் தோன்றும். எவ்வளவு பெரியதோ அவ்வளவு பின்னால் சென்று, கருவியைச் சாய்க்காமல் நேராகப் பிடித்தால்தான் அது தன் உண்மை உருவில் தெரியும். பெருமை வாய்ந்த எதையும், எவரையும் அறிவதற்கு இதுவே வழி: தான் சற்று விலகி நிற்க வேண்டும், தன் கோணலைத் திருத்திக்கொள்ள வேண்டும். அவ்வாறு விலகி நின்று பார்க்க வேண்டிய வெளியைக் கட்டியவர்களே அங்கு விட்டு வைத்திருக்கிறார்கள்.

மேற்குப்புறம் வந்தபோது சிறுவன் திகைத்து நின்றான். “பாட்டி, இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று பள்ளியில் சொன்னார்கள். இதோ விழுந்திருக்கிறதே!”

காலைக் கதிரவனின் ஒளியில் விமானத்தின் நிழல் முற்றத்தின் மீது தெளிவாகப் படிந்திருந்தது. நிழல் விழாத கோபுரம் என்ற பேச்சு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. கதிரவன் உச்சிக்கு வரும் வேளையில் நிழல் கட்டடத்தின் அகன்ற அடிப்பகுதிக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடுவதால் அந்தப் பேச்சு எழுந்திருக்கலாம். காலையில் வந்து பார்ப்பவர் எவரும் உண்மையை அறியலாம். பெரியவர்களின் சாதனையைப் போற்றுவதற்குப் பொய் தேவையில்லை. அளவற்ற கருங்கல்லைத் தொலைவிலிருந்து கொணர்ந்து இத்தனை உயரத்திற்கு ஏற்றிய உழைப்பு, நிழலோடு சேர்த்தே வியப்புக்குரியது.

கடைசியாகப் பாட்டி அடித்தளத்தின் அருகே சென்றார். உச்சி அவருக்குத் தெரியவில்லை; சிலைகள் மங்கலாகத் தெரிந்தன. ஆனால் கண்ணுக்கு நேரே உள்ள எழுத்துகள் அந்தச் சிறு வட்டப் பார்வைக்குள் வந்தன. ஒவ்வோர் எழுத்தாகத் தலையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். ட்ரைப் பகுதி பகுதியாக எடுத்து இணைத்தது போல, பாட்டியும் பகுதி பகுதியாகவே பார்த்தார். முழுவதையும் ஒரு நொடியில் பார்க்க முடிந்த சிறுவன் எதையும் பாராமல் இருந்தான். சிறிது சிறிதாக மட்டுமே பார்க்க முடிந்தவர் ஒன்றையும் விடவில்லை.

நீண்ட நேரம் கழித்து அவர், “நன்றாகப் பார்த்துவிட்டேன், கண்ணு” என்றார். பாதியைத் தம் கண்ணாலும் மீதியைப் பேரனின் கண்ணாலும் பார்த்திருந்தார்.

அப்போது சிறுவன் தந்தையிடமிருந்து கைப்பேசியை வாங்கி ஒரே ஒரு படம் எடுத்தான். அதில் விமானம் முழுவதும் இல்லை. கல்லெழுத்துகள் கொண்ட சுவரின் ஒரு பகுதியும், அதன் அருகில் பாட்டியின் முகமும் மட்டும் இருந்தன. அது அறுபத்தைந்தாவது படம்.

வீட்டருகே இருந்த கோபுரம்

ஊர் திரும்பிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் லால்பாக் சென்றார்கள். பூங்காவில் உள்ள பாறைக்குன்று சுமார் 300 கோடி ஆண்டு வயதுடையது என்று நிலவியல் அறிஞர்கள் கணித்துள்ளார்கள். பூமியின் மிகப் பழைய பாறை வகைகளுள் ஒன்று அது. அதன் மேல் கெம்பே கௌடர் பெயரால் வழங்கும் சிறு கோபுரம் நிற்கிறது. கெம்பே கௌடர் 1537-ஆம் ஆண்டில் பெங்களூரை நிறுவியவர். லால்பாக் பாறை, கெம்பாம்புதி ஏரிக்கரை, அல்சூர் ஏரியின் அருகே, மேக்ரி சர்க்கிள் பகுதி ஆகிய நான்கு இடங்களில் அவர் மரபினர் எழுப்பிய இத்தகைய கோபுரங்கள் நகரத்தின் எல்லைகளைக் குறித்தன என்று மரபு கூறுகிறது. நகரம் அந்த எல்லைகளைக் கடந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஜீவனஹள்ளியே அல்சூர் கோபுரத்திற்கு வெளியே இருப்பதுதான்.

பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த சிறுவன் இந்த நான்கில் ஒன்றையும் அதுவரை நின்று பார்த்ததில்லை. தஞ்சைக் கோபுரத்தைப் பார்க்க இரவெல்லாம் பயணம் செய்தவனுக்கு, பேருந்தில் போய்வரும் தொலைவில் இருந்த கோபுரம் கண்ணில் படவில்லை.

வழுக்கலான பாறையில் பாட்டியின் கையைப் பிடித்து மெல்ல மெல்ல ஏற்றிச் சென்றான். மேலே சென்றதும் பாட்டி கேட்பதற்கு முன்பே அவன் சொல்லத் தொடங்கினான். எத்தனை தூண்கள், எந்தப் பக்கம் நகரம் தெரிகிறது, எவ்வளவு தூரத்தில் மரங்கள் முடிந்து கட்டடங்கள் தொடங்குகின்றன என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பாட்டி முகத்தைக் காற்றுக்குக் காட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை பைகள் தந்தையின் தோளில் இருந்தன.

கடைப்பிடிக்க

விடுமுறைப் பயணம் மேற்கொள்ளும் குடும்பங்கள் பின்வரும் பயிற்சிகளைக் கைக்கொள்ளலாம்.

1. எந்த இடத்தை அடைந்தாலும் முதல் பத்து நிமிடங்கள் கருவியை வெளியே எடுக்காமல் கண்ணால் மட்டும் பார்ப்பது. இடம் கருவிக்கு அல்ல, கண்ணுக்கே முதலில் உரியது.

2. முழுத் தோற்றத்தை ஒருமுறை எடுத்த பிறகு, மனத்தைக் கவர்ந்த ஒரு சிறு பகுதியைத் தேர்ந்து நெருங்கி எடுப்பது. தேர்ந்தெடுப்பதற்காகப் பார்ப்பதே உண்மையான பார்வை.

3. உடன் வந்தவர்களுள் பார்க்கவோ நடக்கவோ இயலாதவர் யார் என்று அறிந்து, கண்டதை அவருக்கு வாயால் எடுத்துரைப்பது. பிறருக்குச் சொல்ல வேண்டும் என்ற பொறுப்பு வந்தால் பார்வை தானாகவே கூர்மை பெறும்.

4. பைகளைக் காக்கும் பணியை முறை வைத்து மாற்றிக்கொள்வது. ஒருவரே எப்போதும் நிழலில் அமர்ந்திருக்கக் கூடாது.

5. படம் எடுக்க அனுமதியில்லாத இடங்களில், குறிப்பாகக் கருவறை அருகில், கருவியை முற்றிலும் அணைத்துவிடுவது. உயரமான விளிம்புகளிலும் ஈரப் பாறைகளிலும் நின்று படம் எடுப்பதைத் தவிர்ப்பது. ஒரு படத்திற்காக உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்திகள் நாளேடுகளில் வந்தவண்ணமே உள்ளன.

6. இரவில் அனைவரும் கூடி அமர்ந்து, படங்களைத் திறக்கும் முன், அன்று கண்டதில் ஒன்றை ஒவ்வொருவரும் நினைவிலிருந்து சொல்வது.

சிந்திக்க

• கடந்த விடுமுறைப் பயணத்தின் படங்களில் இடம் பெறாதவர் யார்? அந்த நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

• வசிக்கும் ஊரில், அருகிலேயே இருந்தும் இதுவரை நின்று பார்க்காத பழமையான கட்டடம் எது? அதைக் கட்டியவர் யார்?

• வீட்டில் உள்ள முதியவர் மீண்டும் ஒருமுறை காண விரும்பும் இடம் எது? அவரிடம் கேட்டது உண்டா?

மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாதவர்கள், அதை இன்றே கேட்டறிவது நல்லது. கோபுரம் ஆயிரம் ஆண்டுகள் காத்திருக்கும். பாட்டியின் கண்கள் காத்திருக்க மாட்டா.